ஒயினின் வயது – கடிதம்

அன்புள்ள ஐயா,

லண்டனில் வசிக்கிறேன். 2015 கிறிஸ்துமஸுக்கு நண்பர் ஒருவர் அவ்வாண்டின் பொஜோலே நுவோ ஒயின் பாட்டில் ஒன்றைப் பரிசளித்தார். பழசாகப் பழசாக மதிப்புக் கூடும் என்று சமையலறை அலமாரியின் மேல்தட்டில் பத்திரமாக வைத்திருக்கிறேன். விற்றால் நல்ல விலை போகுமா, அல்லது மகளின் திருமணம்வரை காத்திருக்கலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

விலையும் போகாது, காத்திருந்தும் பயனில்லை. அது 2016 கோடைக்குள் குடித்திருக்க வேண்டிய ஒயின். பிரான்சின் லியோன் நகருக்கு வடக்கே விளையும் காமே திராட்சையைப் பறித்து, சில வாரங்களில் ஒயினாக்கி, நவம்பர் மூன்றாம் வியாழக்கிழமையே கடைக்கு அனுப்பிவிடுகிறார்கள். குலைகளை நசுக்காமல் கரியமில வாயு நிறைந்த தொட்டியில் நொதிக்கவிடுவதால் தோலின் துவர்ப்பு அதிகம் இறங்குவதில்லை. புதுப்பழ வாசனைதான் அதன் சொத்து. அது போய்விட்டால் மிஞ்ச ஒன்றுமில்லை. (அதே காமேயில், அதே வட்டாரத்தில் செய்யும் மோர்கோன் என்ற ஒயின் பல ஆண்டுகள் தாங்கும் என்பது வேறு கதை.)

வயதைத் தாங்க ஒயினுக்குள் சரக்கு வேண்டும்: துவர்ப்போ புளிப்போ இனிப்போ. பிரான்சின் போர்தோ வட்டாரத்தில் கபர்னே சோவின்யோன் திராட்சையில் செய்த நல்ல சிவப்பு ஒயின் இளமையில் கடுக்காயைக் கடித்ததுபோல் நாக்கைப் பிடிக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தத் துவர்ப்புப் பொருள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து, அடியில் வண்டலாகத் தங்கிவிடும். பழவாசனை ஒதுங்க, பதப்படுத்திய தோல், புகையிலை, காளான் வாசனைகள் தலைகாட்டும். எல்லோருக்கும் இது பிடித்தாக வேண்டும் என்று சட்டமில்லை. பெரும் பணம் கொடுத்து வாங்கித் திறந்துவிட்டு முகம் சுளிப்பவர்களை ரசனை கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கடைகளில் விற்கும் ஒயினில் பெரும்பகுதி ஓரிரு ஆண்டுகளில் குடிப்பதற்கென்றே செய்யப்படுகிறது.

ஏலக் கூடத்தின் கணக்கு தனி. 2018இல் நியூயார்க் சோத்பீஸ் ஏலத்தில் 1945ஆம் ஆண்டின் ரொமானே-கோந்தி என்ற பிரான்சின் பர்கண்டி வட்டார ஒயின் ஒரு பாட்டில் 5,58,000 டாலருக்குப் போனது. அவ்வாண்டு சுமார் 600 பாட்டில்கள்தான் தேறின; பிறகு பழைய கொடிகளைப் பிடுங்கிவிட்டார்கள். பர்கண்டி வணிகர் ரொபேர் துருவேனின் நிலவறையிலிருந்து வந்தது என்ற சான்றுக்கும் சேர்த்துத்தான் அந்த விலை.

சான்று ஆட்டம் கண்டால் என்னவாகும்? 1985இல் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில், அமெரிக்க அதிபராக இருந்த தாமஸ் ஜெஃபர்சனுடையது என்ற பேச்சோடு 1787ஆம் ஆண்டின் லஃபீத் என்ற போர்தோ ஒயின் பாட்டில் ஒன்று 1,05,000 பவுண்டுக்கு விலைபோனது. பின்னர் அந்தப் பேச்சே சந்தேகத்துக்கு உள்ளானது. போதாக்குறைக்கு, கண்காட்சி விளக்கின் சூட்டில் நின்றபடி இருந்ததில் தக்கை காய்ந்து பாட்டிலுக்குள்ளேயே விழுந்துவிட்டது. உங்கள் மேல்தட்டிலும் அடுப்பின் சூடு ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

மகளின் திருமணத்துக்கு என்றால் வின்டேஜ் போர்ட் வாங்குங்கள்; பல்லாண்டு தாங்கும் போர்ச்சுகலின் இனிப்பு ஒயின் அது. விளைச்சல் சிறந்த ஆண்டுகளில் மட்டுமே ‘இது வின்டேஜ்’ என்று தயாரிப்பாளர்கள் அறிவிப்பார்கள்; எல்லா ஆண்டும் இல்லை. 1994, 2000, 2011 பரவலாக அறிவிக்கப்பட்டவை. மகள் பிறந்த ஆண்டு அகப்பட்டால் அதிர்ஷ்டம். விற்பவர் அதை எங்கே வைத்திருந்தார் என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். வெளிச்சம் படாத, 12 டிகிரியை ஒட்டிய குளிர்ச்சியில் படுக்கவைக்க வேண்டும். வீட்டில் அப்படி இடமில்லை என்றால் லண்டனில் வாடகைக்கு நிலவறை தருகிறார்கள்.