கம்ப்யூட்டர் கேள்வி-பதில்: கூகுள் ஷீட் செல்லுக்குள் படம் வரவில்லையா?

(ஃபார்முலாக்களையும் முகவரிகளையும் தமிழ் எழுத்தில் அச்சிட்டிருக்கிறோம். ஷீட்டில் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டவும்.)

கே: டிசைன் போட்டோக்களை கூகுள் டிரைவில் ஏற்றி, ஷேர் லிங்க்கை கூகுள் ஷீட்டில் இமேஜ் ஃபார்முலாவுக்குள் போட்டேன். செல் காலியாகவே இருக்கிறது. அதே லிங்க்கை கிளிக் செய்தால் படம் திறக்கிறதே?
மெர்சன்டைசர், திருப்பூர்

ப: திறந்ததும் மேலே ஃபைல் பெயர், டவுன்லோட் பட்டன் எல்லாம் தெரிகிறதல்லவா? அது டிரைவ் காட்டும் வெப் பக்கம். படம் அந்தப் பக்கத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஃபார்முலாவுக்கோ படம் மட்டும் நேரடியாக வேண்டும். பக்கத்தைக் கொடுத்தால் சத்தமில்லாமல் காலி செல்லைக் காட்டும்.

உங்கள் லிங்க்கில் ‘/டி/’ என்பதற்கும் ‘/வியூ’ என்பதற்கும் நடுவில் எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான சரம் இருக்கும். அதுதான் ஃபைலின் ஐடி. அதை மட்டும் எடுத்து வேறு முகவரியில் பொருத்த வேண்டும். ஷேர் லிங்க் ஏ2 செல்லில் இருந்தால், பி2-வில் இப்படி:

=இமேஜ்("ஹெச்டிடிபிஎஸ்://டிரைவ்.கூகுள்.காம்/தம்ப்நெயில்?எஸ்இசட்=டபிள்யூ400&ஐடி="&ரெஜெக்ஸ்எக்ஸ்ட்ராக்ட்(ஏ2,"/டி/([^/]+)"))

‘எஸ்இசட்’ என்பது இரண்டே எழுத்து, ‘டபிள்யூ’ ஒரே எழுத்து. 400 என்பது அகலம், பிக்சலில். செல்லுக்குள் பார்க்க அது தாராளம். 4 எம்பி போட்டோவை அப்படியே இழுத்தால் நூறு வரிசை தாண்டியதும் ஷீட் திணறும்.

இன்னும் வரவில்லையென்றால் அனுமதியைப் பாருங்கள். படத்தை எடுக்கப் போவது கூகுளின் சர்வர். அது உங்கள் லாகினோடு போவதில்லை. அதனால் ஷேரில் ‘எனிஒன் வித் தி லிங்க்’, ‘வியூவர்’ என்று இருக்க வேண்டும். போட்டோ ஃபோல்டருக்கே இதைக் கொடுத்துவிட்டால் உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் சேரும். கம்பெனி மெயில் கணக்காக இருந்து, அட்மின் வெளி ஷேரிங்கை அடைத்திருந்தால் எந்த ஃபார்முலாவும் உதவாது. இன்காக்னிடோ ஜன்னலில் (உங்கள் லாகின் இல்லாமல் திறக்கும் பிரவுசர் ஜன்னல்) முகவரியை ஒட்டிப் பாருங்கள். லாகின் கேட்டால் அனுமதிதான் சிக்கல். ஷீட்டின் மேலே எச்சரிக்கை வந்து ‘அலோ ஆக்சஸ்’ என்று கேட்டால் அதையும் அழுத்த வேண்டும்.

எர்ரர் என்றே வந்தால் மேற்கோள் குறியைப் பாருங்கள். வாட்ஸ்அப்பிலோ வேர்டிலோ இருந்து காப்பி எடுத்த ஃபார்முலாவில் குறிகள் வளைந்து வந்திருக்கும். ஷீட்டுக்கு நேர்க்குறிதான் வேண்டும். ஐடியைக் கையால் தட்டவே கூடாது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினாலே அது வேறு ஐடி.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. டிரைவ் முகவரிகள் இமேஜ் ஃபார்முலாவுக்கு ஆகாது என்று கூகுளின் உதவிப் பக்கமே சொல்கிறது. நடைமுறையில் ஓடுகிறது, அவ்வளவுதான். பையருக்கு (சரக்கு வாங்குபவருக்கு) போகும், வருஷக்கணக்கில் நிற்க வேண்டிய ஷீட் என்றால் படங்களை உங்கள் சொந்த வெப்சைட்டில் வைத்து அந்த முகவரியைக் கொடுப்பதே நல்லது.

கே: படம் வருகிறது, ஆனால் தபால் தலையைவிடச் சின்னதாக!
சேலை வியாபாரி, சின்னாளப்பட்டி

ப: கூகுள் ஷீட்டில் வரிசையின் இயல்பான உயரம் 21 பிக்சல். படம் அதற்குள்தான் அடங்கும். வரிசைகளைத் தேர்ந்தெடுத்து உயரத்தை 120 ஆக்குங்கள். முகவரிக்குப் பின், கடைசி அடைப்புக்குறிக்கு முன், கமா போட்டு 4, 120, 90 என்று கொடுத்தால் நீங்கள் சொன்ன அளவில் வரும். உயரம் முதலில், அகலம் பிறகு. மாற்றிப் போட்டால் சேலை நசுங்கித் தெரியும். 4-க்குப் பதில் 2 போட்டால் செல்லின் வடிவத்துக்கு இழுத்துவிடும். துணி டிசைனுக்கு அது வேண்டாம்.

கே: அதே ஷீட்டை எக்செல்லில் திறந்தால் எல்லாம் எர்ரர். ஏன்?
அக்கவுன்டன்ட், மதுரை

ப: பெயர் ஒன்று, ஆள் வேறு. எக்செல்லின் இமேஜ் ஃபார்முலாவில் இரண்டாவது இடம் படத்துக்கான விளக்க உரைக்கு. அளவு முறை மூன்றாவது இடத்தில், அதுவும் 0-விலிருந்து 3 வரைதான். கூகுள் ஷீட்டின் ‘ஏ2, 4, 120, 90’ அப்படியே எக்செல்லுக்குப் போனால் 120-ஐ அளவு முறை என்று எடுத்துக்கொண்டு ‘வேல்யூ’ எர்ரர் காட்டும். ஏ2-வில் படத்தின் நேரடி முகவரி இருந்தால், சரியான வடிவம்: =இமேஜ்(ஏ2,"",3,120,90).

‘நேம்’ எர்ரர் வந்தால் உங்கள் எக்செல் பழையது. 2019, 2021 பதிப்புகளில் இந்த ஃபார்முலாவே கிடையாது. மைக்ரோசாஃப்ட் 365 அல்லது எக்செல் 2024 வேண்டும்.

இரண்டும் சரியாக இருந்தும் படம் வராவிட்டால், முகவரி வேறிடத்துக்குத் திருப்பி விடுவதாக இருக்கலாம். திருப்பி விடும் முகவரியைப் பாதுகாப்புக்காக எக்செல் தடுத்துவிடும். டிரைவ் லிங்க்குகள் பலவும் இங்கேதான் மாட்டும்.

கே: டிராப்பாக்ஸில் வைத்தால்?
கல்லூரி மாணவி, திருச்சி

ப: கூகுள் ஷீட்டுக்கு டிராப்பாக்ஸ் எளிது. லிங்க்கின் கடைசியில் இருக்கும் ‘டிஎல்=0’ என்பதை ‘ரா=1’ என்று மாற்றினால் போதும் (‘ரா’ என்பது ஆர், ஏ, டபிள்யூ என்று மூன்று எழுத்து). ‘டிஎல்=1’ என்றால் படம் டவுன்லோட் ஆகும். நடுவில் ‘ஆர்எல்கீ’ என்று ஒரு பகுதி இருக்கும். அது லிங்க்கின் சாவி. குப்பை என்று நினைத்து வெட்டினால் திறக்காது.

கே: ஒரு போட்டோவை மாற்றினேன். ஷீட்டில் அந்த இடம் காலியாகிவிட்டது.
மரச்சாமான் கடைக்காரர், காரைக்குடி

ப: பழையதை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றியிருப்பீர்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் ஐடி புதிது. டிரைவில் பழைய ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்து, ‘ஃபைல் இன்ஃபர்மேஷன்’, ‘மேனேஜ் வெர்ஷன்ஸ்’ போய்ப் புதுப் படத்தை ஏற்றுங்கள். ஐடி மாறாது. ஷீட்டில் புதுப் படம் தெரியக் கொஞ்சம் தாமதமாகலாம்.

கே: மாணவர்களின் போட்டோ, ஆதார் நகலை இப்படி ஷீட்டில் காட்டலாமா?
ஆசிரியை, நாமக்கல்

ப: கூடாது. ‘எனிஒன் வித் தி லிங்க்’ என்றால் லிங்க் கையில் கிடைத்த யாரும் பார்க்கலாம். ஷீட்டை ஒருவர் ஃபார்வர்டு செய்தால் ஐம்பது பிள்ளைகளின் லிங்க்கும் கூடவே போகும். போட்டோவுக்கு லிங்க்கே வேண்டாம்: இன்செர்ட், இமேஜ், ‘இன்செர்ட் இமேஜ் இன் செல்’. படம் ஷீட்டுக்குள்ளேயே தங்கும். ஷீட்டைப் பார்க்க நீங்கள் அனுமதித்தவர்களுக்கு மட்டுமே தெரியும். ஆதார் நகலை ஷீட்டில் சேர்க்கவே வேண்டாம்.