தாடைல 'டக் டக்'னு சத்தம் வருது, குறட்டைக்குக் கருவி மாட்டலாமா?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருது டாக்டர். ஸ்லீப் டெஸ்ட்ல மணிக்கு 18 தடவைன்னு வந்துச்சு. மாஸ்க் வழியா காத்தை அழுத்தி உள்ளே அனுப்புற சிபேப் மெஷினை மாட்டினா தூக்கமே வரலைங்கிறார். அதனால கீழ்த்தாடைய முன்னால கொண்டு வர்ற கருவிய வாயில மாட்டிக்கச் சொல்றாங்க. ஆனா இவருக்கு ரொம்ப நாளாவே வாய் திறந்தா காதுகிட்ட 'டக்'னு சத்தம் வரும், பல்லைக் கடிக்கிறதுக்கு நைட் கார்டும் போடுறார். கருவி போட்டா தாடை மூட்டு கெட்டுப்போயிடுமா?

பதில்: பயந்துகிட்டு சிகிச்சையையே விட்டுடாதீங்கம்மா. 15லேருந்து 30 வரைக்கும்னா நடுத்தர அளவு, அப்படியே விட்டா பிரஷர், இதயம்னு போயிடும்.

வெறும் சத்தம் மட்டும்தான், வலி இல்ல, வாயும் நல்லா திறக்குதுன்னா அது பெரிய தடை இல்ல. மூட்டுக்குள்ள மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்க் நகர்ந்து திரும்ப உட்காரும்போது வர்ற சத்தம்தான் பெரும்பாலும், நிறைய பேருக்கு இருக்கு. அவரோட மூணு விரலை ஒண்ணுக்கு மேல ஒண்ணா வச்சு வாய்க்குள்ள போகுதான்னு பாருங்க, மெல்லும்போது வலிக்குதா, தாடை எப்பவாவது பூட்டிக்குதான்னு கேளுங்க. விரல் போகலைன்னாலோ, வலியோ பூட்டிக்கிறதோ இருந்தாலோ மூட்டைச் சரி பண்ணிட்டுதான் கருவி.

நாக்கு கீழ்த்தாடையோட ஒட்டியிருக்கிறதால தாடை முன்னால வந்தா நாக்கும் கூடவே வந்து தொண்டைல காத்து போக வழி கிடைக்குது, ஆனா ராத்திரி பூரா அப்படியே நிக்கிறதால மூட்டும் தசையும் இழுபட்டுக்கிட்டே இருக்கும். அதான் முதல் நாளே முழுசா இழுக்கக் கூடாது, அவரால தள்ள முடிஞ்சதுல ஏறக்குறைய பாதில ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தணும். வெந்நீர்ல போட்டுக் கடிச்சு அச்சு எடுக்கிற ரெடிமேட் கருவி வேணாம், பல்லுக்கு அளவெடுத்துச் செஞ்சதுதான் வேணும். ஆரம்பத்துல காலைல எழுந்ததும் கன்னம் வலிக்கும், கடிச்சா பல்லு ஒண்ணோட ஒண்ணு சேராது, அந்த நேரம் தாடையைப் பழைய இடத்துக்குக் கொண்டு வர்ற பயிற்சி செய்யணும். பெரும்பாலானவங்களுக்கு வலி சில வாரத்துல குறைஞ்சிடும். ஆனா வருஷக்கணக்கா போட்டா பல்லு நகர்ந்து கடி நிரந்தரமா மாறலாம், இதை முதல்லயே தெரிஞ்சுக்கிட்டுதான் ஆரம்பிக்கணும்.

நைட் கார்டு விஷயம்தான் எனக்குக் கவலை. மேல் பல்லுல மட்டும் மாட்டுற தட்டையான கார்டு சிலருக்கு மூச்சடைப்பை அதிகமாக்கிடும், ஸ்லீப் ரிப்போர்ட்டைப் பல் டாக்டர்கிட்ட கட்டாயம் காட்டுங்க. புதுக் கருவி ரெண்டு வரிசைப் பல்லையும் மூடுறதால கடிக்கிறதுக்கும் அதுவே பாதுகாப்பு.

சிபேப் மெஷினுக்கே மூக்குத் துவாரத்துல மட்டும் பொருந்துற சின்ன மாஸ்க்கும் ஒருதரம் போட்டுப் பாக்கச் சொல்லுங்க, அதுல தாடைய அழுத்துற பிரச்சினை இல்ல. கருவியே போதும்னு முடிவானா, பொருத்தி செட் ஆனதும் அதை மாட்டிக்கிட்டே மறுபடி ஸ்லீப் டெஸ்ட் எடுக்கணும், ஏன்னா குறட்டை நின்னுட்டாலும் உள்ளே மூச்சு நிக்கிறது தொடரலாம்.