எம்ஆர்ஐ எடுத்தாயிற்று, பிறகு எதற்கு வெனோகிராம்?

வணக்கம். அம்மாவுக்கு இடது காதுக்கு உள்ளே, மண்டையோட்டின் அடித்தளத்தில் மெனிஞ்சியோமா, அதாவது மூளையுறையில் வளரும் கட்டி. இப்போது மூளையின் சிரைகளைப் படமெடுக்கும் வெனோகிராமும் கேட்கிறார்கள், கட்டியில் கொஞ்சத்தை விட்டுவிடுவோம் என்றும் சொல்கிறார்கள் என எழுதியிருந்தீர்கள். இது காசு பிடுங்கும் வேலை இல்லை.

கட்டியைவிட அதற்குப் போகும் வழிதான் சிக்கல். காதுக்கு மேலே உள்ள மூளைப் பகுதியின் ரத்தத்தை வடிப்பது லபே சிரை. காதுக்குப் பின்னால் ஓடும் பெரிய சிரைக்குழாயில் அது போய்ச் சேரும் இடம் ஆளுக்கு ஆள் மாறும். அறுவையில் அது அறுந்தாலோ, மூளையை விலக்கும்போது இழுபட்டு அடைத்தாலோ ரத்தம் வெளியேற வழியில்லாமல் மூளை வீங்கும், ரத்தக்கசிவும் வரலாம். பெரும்பாலோருக்குப் பேச்சு மையம் இடப்பக்கம் என்பதால் பேச்சே குழறக்கூடும்.

அப்புறம், பலருக்கு வலது சிரைக்குழாய் பிஐஇ விரைவுச்சாலை மாதிரி அகலம், இடது பக்கம் வெறும் சந்து. சிலருக்கு நேர்மாறு. அம்மாவுக்கு இடதுதான் பிரதான வடிகால் என்றால், அதன் சுவரில் ஒட்டிய துண்டைச் சுரண்டாமல் விடும் டாக்டரை நான் நம்புவேன். மெனிஞ்சியோமா பெரும்பாலும் மெதுவாகத்தான் வளரும். மிச்சத்தை ஸ்கேனில் கவனிக்கலாம், தேவைப்பட்டால் கதிர்வீச்சு.

அடுத்த அப்பாயின்ட்மென்டில் இரண்டு கேள்வி: எந்தப் பக்கம் பிரதானம்? லபே சிரை எங்கே சேருகிறது? படத்தைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். சிடி வெனோகிராம் என்றால் சாயம் ஏற்றுவார்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, பாலிகிளினிக்கில் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் வாங்கிச் சாப்பிட்டாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.