துபாய் சரக்கு, பில் கிடையாது: தங்கம் வாங்கலாமா?

கேள்வி: மகள் கல்யாணத்துக்கு 8 பவுனில் ஆரம் வாங்க வேண்டும். தெரிந்தவர் ஒருவர், "துபாய் சரக்கு, பில் கிடையாது, கடையைவிடப் பவுனுக்கு நன்றாகவே குறையும்" என்கிறார். நகையில் 916 முத்திரையும் இருக்கிறது. வாங்கலாமா? (வாசகி, மதுரை)

பதில்: வேண்டாம். கடையில் வாங்கினால் 3 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. அந்தத் தங்கம் நாட்டுக்குள் வரும்போதே சுங்க வரியும் கட்டியாகிவிட்டது. குருவிகள், அதாவது கூலிக்குத் தங்கம் கடத்துபவர்கள், கொண்டுவரும் தங்கத்துக்கு இரண்டுமே கிடையாது. அப்படி மிச்சமானதில் ஒரு துண்டைத்தான் உங்களுக்கு விலைக்குறைப்பு என்று தருகிறார்கள்.

மாட்டினால் யார் பொறுப்பு? சுங்கச் சட்டம் 1962-இன் 123-ஆவது பிரிவு இங்கே தலைகீழாக வேலை செய்யும். கடத்தல் தங்கம் என்று நியாயமாக நம்பி அதிகாரிகள் பறிமுதல் செய்துவிட்டால், அது கடத்தல் இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் நகையை வைத்திருப்பவர்தான். பில் இல்லாமல் எதைக் காட்டுவீர்கள்? விற்றவர் அன்றைக்கு போனை எடுக்கவே மாட்டார்.

அப்புறம், அந்த 916. வெறும் எண்ணை யார் வேண்டுமானாலும் பொறிக்கலாம். முறையான ஹால்மார்க்கில் மூன்று இருக்கும்: பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முக்கோணச் சின்னம், 22கே916 போன்ற தரக் குறி, ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாகத் தரப்படும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாள எண்ணான ஹெச்.யு.ஐ.டி. இந்த ஆறு இலக்க எண் இல்லாத ஹால்மார்க் நகையைக் கடைகள் விற்கக் கூடாது என்பது 2023 ஏப்ரல் 1 முதல் விதி. 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் எண்ணைப் போட்டால் நகையின் வகையும் தரமும் வரும். கையில் ஆரம், செயலியில் மோதிரம் என்றால் எண் வேறு நகையிலிருந்து திருடியது.

முறையாக வாங்கிய நகையில் தரம் குறைந்தால், குறைந்த மதிப்பைப் போல இரு மடங்கும் சோதனைக் கட்டணமும் கேட்கலாம். அதற்கும் பில் வேண்டும்.

கேள்வி: விமான நிலையத்தில் தங்கக் கடத்தலை அடிக்கடி பிடிக்கிறார்கள். தண்டனையைக் கடுமையாக்கினால் நிற்காதா? (வாசகர், திருச்சி)

பதில்: 7 ஆண்டு வரை சிறை ஏற்கெனவே இருக்கிறது. கடுமை என்றால் 1963-ஐப் பாருங்கள். 14 காரட்டுக்கு மேல் நகையே செய்யக் கூடாது என்றார்கள். பொற்கொல்லர்கள் பிழைப்பை இழந்தார்கள், கடத்தல்காரர்கள் கொழித்தார்கள். 1968-இல் வந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை 1990-இல் அரசே ரத்து செய்தது.

வரி விஷயம் வேறு. தங்கத்துக்கான இறக்குமதி வரி 2022 ஜூலையில் 15 சதவீதம் ஆனது. ஒரு கிலோவுக்கு அவ்வளவு மிச்சம் என்றால் குருவிக்கு டிக்கெட்டும் கூலியும் கொடுத்த பிறகும் லாபம்தான். 2024 ஜூலை பட்ஜெட்டில் அதை 6 சதவீதமாக்கினார்கள். என்னைக் கேட்டால், கடத்தலின் அடிமடியில் கை வைத்தது எந்தத் தண்டனையையும்விட இந்தக் குறைப்புதான்.

ஆனாலும் ஓர் ஓட்டை இருக்கிறது. ஹெச்.யு.ஐ.டி. தரத்தைச் சொல்லும், தங்கம் வந்த வழியைச் சொல்லாது. கடத்தி வந்த கட்டியை உருக்கி ஆரமாக்கினால், தரம் சரியாக இருக்கும்வரை அதற்கும் முத்திரை கிடைத்துவிடும். சட்டத்தை இறுக்க வேண்டும் என்றால் அந்த இடத்தில் இறுக்கட்டும்: கட்டி எங்கிருந்து வந்தது என்ற கணக்கு பட்டறை வரை தொடர வேண்டும்.