மூன்று வருடம் பிரெஞ்சு படித்தும் கதைக்க வராத பிள்ளை, ஜிசிஎஸ்இக்கு அதை எடுக்கலாமா?

கேட்டவர் எழுதியிருப்பது இது: மகள் லண்டனில் இயர் 9 (13-14 வயது வகுப்பு) படிக்கிறாள். இயர் 7இலிருந்து பள்ளியில் பிரெஞ்சுப் பாடம் உண்டு. ஆனாலும் பாரிஸிலிருந்து சொந்தக்காரப் பிள்ளைகள் வந்தால் கதைக்க ஆசை இருந்தும் அவர்களோடு ஒரு வசனம் ஒழுங்காகக் கதைக்க வராது. இப்போது ஜிசிஎஸ்இக்கு, அதாவது 16 வயதில் எழுதும் பொதுப் பரீட்சைக்கு, பாடம் தெரிவு செய்யும் நேரம். பிரெஞ்சை எடுப்பதா, விடுவதா?

எடுக்கட்டும் என்றுதான் நான் சொல்வேன். நான் பாரிஸ் பக்கம் வளர்ந்தவள், இப்போது லண்டனில் ஒரு அரசுப் பள்ளியில் பிரெஞ்சு படிப்பிக்கிறேன். இந்தக் கேள்வியை ஒவ்வொரு வருடமும் பெற்றோர் கூட்டத்தில் என்னிடம் கேட்கிறார்கள். கேட்கும்போதே பலர் "பிள்ளைக்கு மொழி ஏறாது போல" என்று முடிவு கட்டிவிட்டுத்தான் வருகிறார்கள். அந்த முடிவு எனக்கு மனவருத்தமாக இருக்கும், ஏனென்றால் பெரும்பாலும் அது உண்மையில்லை.

கணக்கைப் பாருங்கள். இங்கிலாந்தில் பள்ளி நடப்பது வருடத்துக்கு 190 நாள், அதாவது 38 வாரம். வாரத்துக்கு இரண்டு மணித்தியாலம் மொழிப்பாடம் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 76 மணித்தியாலம். அதிலும் வகுப்பில் முப்பது பிள்ளைகள். ஒரு மணித்தியாலத்தை முப்பது பேருக்கும் பிரித்துக் கொடுத்தால் ஆளுக்கு இரண்டு நிமிடம். ஒரு பிள்ளை வாய் திறந்து பிரெஞ்சு கதைத்த நேரம் வருடம் முழுக்கச் சேர்த்தாலும் இரண்டரை மணித்தியாலம் வருமா என்பதே சந்தேகம். இதை வைத்துக்கொண்டு கதைக்க வரவில்லை என்று பிள்ளையில் குறை சொல்வது நியாயமில்லை.

இன்னொரு காரணம் நாங்கள் படிப்பித்த முறை. பென்சில் பெட்டிக்குள் என்ன இருக்கிறது, வீட்டில் என்ன பிராணி வளர்க்கிறீர்கள், ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று தலைப்புத் தலைப்பாகச் சொற்பட்டியல். அப்புறம் ஒரு பந்தியை எழுதித் திருத்தி, மனப்பாடம் செய்து, பரீட்சையில் ஒப்புவிப்பது. நன்றாக ஒப்புவித்த பிள்ளைக்கு நல்ல புள்ளி கிடைத்தது. ஆனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் அதே பிள்ளை முழிக்கும்.

நான் எடுக்கச் சொல்வதற்கு முக்கியக் காரணமே பரீட்சை மாறியிருப்பதுதான். பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் மூன்றுக்கும் புதிய ஜிசிஎஸ்இ 2024 செப்டெம்பரில் படிப்பிக்கத் தொடங்கியது. அதன் முதல் பரீட்சை 2026 கோடைக்கு. கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் நான்குக்கும் தலா 25 வீதம். தெரிந்திருக்க வேண்டிய சொற்களுக்குப் பட்டியல் உண்டு: ஃபவுண்டேஷன் என்ற இலகுவான மட்டத்துக்கு 1,200, ஹையர் என்ற கடினமான மட்டத்துக்கு 1,700. பெரும்பாலும் அந்த மொழியில் அடிக்கடி புழங்கும் சொற்கள். பேச்சுப் பரீட்சையில் ஒரு சிறு பகுதியைச் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும். கேட்டல் பரீட்சையில் சொல்வதெழுதுதல் வந்துவிட்டது, அதில் பட்டியலில் இல்லாத சொல்லும் வரும். அதனால் பாடமாக்கிக்கொண்டு போய்த் தப்ப முடியாது. எந்த எழுத்துக்கு எந்த ஒலி என்ற விதி பிள்ளையின் கையில் இருக்க வேண்டும்.

இந்த மாற்றம் எனக்குப் பிடித்திருக்கிறது. சக ஆசிரியர்கள் சிலருக்கு இது வறட்சியாகத் தெரிகிறது, அவர்களோடு நான் வாதாடுவேன். வகுப்பில் நடப்பதைச் சொல்கிறேன். "மா ஸேர் அபீத் இஸி" என்று சொல்லி எழுதச் சொல்வேன். என் சகோதரி இங்கே வசிக்கிறாள் என்று அர்த்தம். அடுத்து "மே ஸேர் அபீத் இஸி". என் சகோதரிகள் இங்கே வசிக்கிறார்கள். காதுக்குக் கேட்கும் வித்தியாசம் "மா", "மே" என்ற அந்த ஒன்று மட்டும்தான். ஆனால் தாளில் சகோதரிக்கு ஒரு எஸ் கூடுகிறது, வினைச்சொல்லின் வாலில் என் (n), டி (t) இரண்டும் புதிதாக ஒட்டிக்கொள்கின்றன, இவற்றில் ஒன்றுக்கும் சத்தமில்லை. "மே" காதில் விழுந்த உடனேயே பின்னால் வருகிற இரண்டு சொல்லையும் மாற்றி எழுத வேண்டும் என்று பிள்ளைக்குப் பிடிபடுகிற நாள் ஒன்று வரும். அதற்குப் பிறகு இலக்கணம் கரும்பலகையில் இருக்கும் அட்டவணையாக இருக்காது, அவள் காதுக்குள் வந்துவிடும். படிப்பிப்பதில் எனக்கு இதைவிடச் சந்தோஷமான நேரம் கிடையாது.

வீட்டில் தமிழ் கதைக்கும் பிள்ளையா? அப்படியென்றால் அவளுக்குக் கையில் ஏற்கனவே பல விஷயம் இருக்கிறது. பிரெஞ்சின் டி (t) எழுத்து நாக்கு பல்லில் படுகிற நம்முடைய "த". ஆங்கிலப் பிள்ளைகள் ப, த, க ஒலிகளை மூச்சோடு ஊதிச் சொல்வார்கள், பிரெஞ்சுக்காரர் ஊதுவதில்லை, நாங்களும் ஊதுவதில்லை. ஏ, ஓ ஒலிகளை ஆங்கிலத்தில் "எய்", "ஓவ்" என்று இழுத்து வளைப்பார்கள், தமிழிலும் பிரெஞ்சிலும் அவை நேராக நிற்கும். ஆளுக்குத் தக்கபடி வினைச்சொல்லின் முடிவு மாறுவது, ஒருவருக்கு மரியாதையாகவும் பலருக்குப் பன்மையாகவும் ஒரே "நீங்கள்" போதுமாக இருப்பது, இதெல்லாம் ஆங்கிலம் மட்டும் தெரிந்த பிள்ளைக்குப் புதுச்சங்கதி. உங்கள் மகளுக்கு வீட்டுச்சங்கதி. ஆனால் அவளாகவே இதைக் கவனிக்க மாட்டாள், யாராவது சொல்லிக் காட்ட வேண்டும்.

பிரெஞ்சு தெரியாத பெற்றோர் என்ன செய்வது? செய்யலாம். சொற்பட்டியலை உங்கள் பள்ளி எடுக்கும் பரீட்சைச் சபையின் இணையத்தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். ஒலிப்பதிவோடு இருக்கும் சிறு பந்தி ஒன்றைப் பள்ளியில் கேட்டு வாங்குங்கள், தருவார்கள். பிள்ளை அதை ஒருதரம் கேட்கட்டும், பிறகு உங்கள் முன்னால் சத்தமாக வாசிக்கட்டும், மறுபடி கேட்டுத் திருத்தட்டும். தினமும் பத்து நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாக ஒன்றரை மணித்தியாலம் ரியூசனுக்கு அனுப்புவதைவிட இது பலன் தரும். பாரிஸ் சொந்தங்களோடு வாரம் ஒருமுறை போனில் ஐந்து நிமிடம் பிரெஞ்சிலேயே கதைக்க வைத்தால் இன்னும் நல்லது. பாரிஸில் தமிழ்க் கடைகள் இருக்கும் லாஷப்பல் கடைத்தெருவுக்குச் சாமான் வாங்கப் போகும் குடும்பமென்றால் அங்கே பேக்கரியில் அவளையே கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மொழிப்பாடத்தில் உயர்ந்த தரம் எடுப்பது கஷ்டம் என்று ஊரில் கதை உண்டு. அது வெறும் கதையில்லை. பிரெஞ்சுக்கும் ஜெர்மனுக்கும் தரமிடல் மற்றப் பாடங்களைவிடக் கடுமையாக இருந்ததைப் பரீட்சைக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்குவாலே 2019இல் ஏற்றுக்கொண்டு, 2020இலிருந்து சரிசெய்யச் சொன்னது. 2004இலிருந்து 14 வயதுக்கு மேல் மொழிப்பாடம் கட்டாயமும் இல்லை. மருத்துவம், பொறியியல் போக மொழியில் ஜிசிஎஸ்இ கேட்பதும் வழமையில்லை. அதனால் பல்கலைக்கழகத்துக்காக எடு என்று அவளிடம் சொல்லாதீர்கள், பொய்யாகிவிடும். சொந்தக்காரரோடு கதைக்க ஆசைப்படுகிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதுவே போதுமான காரணம். ட்ரிபிள் சயன்ஸ், அதாவது மூன்று விஞ்ஞானத்தையும் தனித்தனிப் பாடமாக, எடுத்தால் சில பள்ளிகளில் ஒரு தெரிவு போய்விடும். மிச்சமிருக்கும் இடத்தில் அவள் உயிராக நினைக்கும் ஓவியமோ இசையோ இருந்து அதை வெட்டித்தான் பிரெஞ்சு வர வேண்டுமென்றால், அதை அவளிடமே விட்டுவிடுங்கள்.

ஃபவுண்டேஷனா ஹையரா என்பது இப்போது தலையிடிக்க வேண்டிய விஷயமில்லை, அதை இயர் 11இல் பார்க்கலாம். நான்கு பகுதிகளையும் ஒரே மட்டத்தில்தான் எழுத வேண்டும், ஃபவுண்டேஷனில் அதிகபட்சம் 5ஆம் தரம்தான் (உச்சத் தரம் 9) கிடைக்கும் என்பதை மட்டும் ஞாபகம் வைத்திருங்கள். தெரிவுக் கூட்டத்துக்குப் போகும்போது பிரெஞ்சு ஆசிரியரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: இயர் 10இல் வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம், சொல்வதெழுதுதலும் சத்தமாக வாசிப்பதும் ஒவ்வொரு வாரமும் நடக்குமா, பரீட்சைக்கு முன்னால் மட்டுமா. ஒவ்வொரு வாரமும் நடக்கும் என்றால் யோசிக்காமல் படிவத்தில் பிரெஞ்சைப் போடுங்கள்.