நன்றாகப் பார்க்கும் குழந்தைக்கு லேசர் எதற்கு?

கேள்வி: என் மகளுக்கு 4 வயது. பிறந்ததிலிருந்தே இடது கண்மணி சாவித்துவாரம் போல் கீழே நீண்டிருக்கிறது. கோலோபோமா என்கிறார்கள், விழித்திரையிலும் குறை இருக்கிறதாம். விழித்திரை விலகிவிடாமல் இருக்க மயக்கம் கொடுத்து லேசர் வைக்கலாம் என்கிறார் மருத்துவர். ஓடியாடி விளையாடுகிறவளுக்கு இது தேவையா?

பதில்: அவள் ஓடியாடுவது வலது கண்ணை நம்பி. விழித்திரை விலகினால் பெரியவர்கள் 'மின்னல் வெட்டுகிறது, கரும்புள்ளி மிதக்கிறது' என்று ஓடி வருவார்கள். குழந்தை சொல்லாது, ஒரு கண் மங்கியதே அதற்குத் தெரியாது.

கருவின் 5 முதல் 7 வாரங்களுக்குள் கண்ணின் அடிப்பக்கப் பிளவு மூடிக்கொள்ள வேண்டும். மூடாமல் போனால், கடைசித் தையல் விட்டுப்போன பை மாதிரி, அந்த இடத்தில் விழித்திரைக்குப் பதில் மெல்லிய சவ்வு மட்டுமே இருக்கும். (கிரகணத்தன்று வெளியே போனீர்களா என்று யாராவது கேட்டிருப்பார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) சவ்வில் ஓட்டை விழுந்தால் கண்ணுக்குள் இருக்கும் நீர் அதன்வழியே புகுந்து, பக்கத்திலுள்ள நல்ல விழித்திரையையும் கிளப்பிவிடும்.

லேசர் அந்தக் குறையின் விளிம்பில் தழும்பு உண்டாக்கி, நல்ல விழித்திரையை ஒட்டவைக்கிறது. விலகும் வாய்ப்பு குறையும். முழு உத்தரவாதம் இல்லை. விளிம்பு பார்வை மையத்தை ஒட்டியிருந்தால் அங்கே சுடுவது பார்வையையே கெடுக்கலாம். ஆகவே 'விளிம்பு மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது?' என்று கேளுங்கள். தள்ளியிருந்தால் செய்துகொள்வதே நல்லது என்பேன். அதே மயக்கத்தில் இரண்டு கண்களையும் ஓரம்வரை பார்த்துவிடலாம். விலகிய பிறகென்றால் பெரிய அறுவை, உள்ளே சிலிகான் எண்ணெய், பெரும்பாலும் அதை எடுக்க இன்னொரு அறுவை. மையமும் விலகியிருந்தால் போன பார்வை முழுதாகத் திரும்புவது அரிது.

வாரம் ஒருமுறை வலது கண்ணை ஒட்டுப்பட்டையால் மூடி, தட்டில் பொரியைத் தூவிப் பொறுக்கச் சொல்லுங்கள். போன வாரம் பொறுக்கியவள் இன்று தடவினாலோ, பட்டையைப் பிய்த்து அழுதாலோ, புதிதாக மாறுகண் தெரிந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். போட்டோவில் கண்மணி வெள்ளையாகத் தெரிவதை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. கோலோபோமாவே அப்படிக் காட்டும். பொரி சரியாகப் பொறுக்கினாலும், சொட்டு மருந்து விட்டுப் பார்க்கும் தேதியைத் தவறவிடாதீர்கள்.

கண்ணைக் கசக்க விடாதீர்கள். பவர் இல்லையென்றாலும் உடையாத பாலிகார்பனேட் கண்ணாடி போடுங்கள். சில குழந்தைகளுக்கு இதோடு இதயத்திலும் காதிலும் குறை இருக்கும். இன்னும் பார்க்கவில்லையென்றால் மயக்கம் கொடுப்பதற்கு முன்பே குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.