வாசகர் கேள்வி–பதில்: நிற்கிற தண்ணீர் எது?

கேள்வி: உவமை, உருவகம் எல்லாம் பள்ளியில் மனப்பாடம் செய்தோம், பரீட்சையில் எழுதினோம். ஆனால் படிக்கிறவர் மனதில் அவை என்னதான் செய்கின்றன? பிள்ளைகள் கேட்கிறார்கள், சொல்லத் தெரியவில்லை ஐயா.
– வாசகி, ரோஸ் ஹில்

பதில்: அம்மா, சின்ன வயதில் வீட்டுப் பெரியவர்கள் விடுகதை போடுமுன் "சிராந்தான்?" என்று கேட்க, நீங்களெல்லாம் "சாம்பெக்!" என்று கத்திய ராத்திரிகள் நினைவிருக்கிறதா? அதற்கு அப்புறம் வரும் க்ரியோல் விடுகதைகளில் நம் மொரிஷியஸ் தீவில் தெரியாதவர் இல்லாதது இது: "திலோ திபுத்?" நிற்கிற தண்ணீர். விடை, கரும்பு. "திலோ பாந்தான்?" தொங்குகிற தண்ணீர். விடை, தேங்காய். உருவகத்துக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. 'கரும்பில் தண்ணீர் போலச் சாறு இருக்கிறது' என்று சொல்லியிருந்தால் சரி என்று தலையாட்டிவிட்டுப் போயிருப்போம். நிற்கிற தண்ணீர் என்றதும், தண்ணீர் எப்படி நிற்கும் என்று மனம் ஒரு நொடி தடுக்குகிறது, பிறகு அதுவே தேடிக்கொண்டு போய்த் தோட்டத்தில் ஆள் உயரத்துக்கு நிற்கும் கரும்பைக் கண்டுபிடிக்கிறது. கண்டுபிடித்தது நாம் என்பதால் அது நம்முடையதாகிவிடுகிறது, ஐம்பது வயதிலும் மறப்பதில்லை.

உவமை வேறு மாதிரி வேலை செய்கிறது. 'போல' என்ற சொல் கையைப் பிடித்து நிதானமாக அக்கரைக்குக் கூட்டிப்போகும். இனிய சொல் இருக்கும்போது கடுஞ்சொல் பேசுவது, பழம் இருக்கக் காயைப் பறித்துத் தின்பது போல என்று வள்ளுவர் சொல்லும்போது நாக்கில் ஒரு துவர்ப்பு வருகிறது பாருங்கள், அறிவுரையைக் காது கேட்பதற்கு முன்பே நாக்கு கேட்டுவிடுகிறது. ஆனால் 'முத்துப் போன்ற பல்', 'நிலவு போன்ற முகம்' இவையெல்லாம் தேய்ந்துபோனவை, கண் அவற்றைப் படிக்கிறது, மனதில் எதுவும் எழுவதில்லை. நம் பிள்ளைகள் கட்டுரையில் 'காவிரி வெள்ளம் போல' என்று எழுதுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. அந்தப் பிள்ளை காவிரியைப் பார்த்ததில்லை. குவாத்ர் போர்னில் மலைக்கோயில் படிகளைத் தைப்பூச வெயிலில் வெறுங்காலோடு ஏறியிருக்கிறது, அந்தச் சூடு அதன் காலில் இருக்கிறது. அதை எழுதச் சொல்லுங்கள் அம்மா.

கேள்வி: இரட்டைக்கிளவிக்கும் அடுக்குத்தொடருக்கும் என்ன வித்தியாசம்? எதற்காக ஒரே சொல்லை இரண்டு தடவை சொல்ல வேண்டும்?
– வாசகர், ட்ரியோலே

பதில்: 'சலசல' என்பதைப் பிரித்து வெறும் 'சல' என்றால் பொருள் இல்லை, அது இரட்டைக்கிளவி. 'வா வா' என்பதைப் பிரித்தாலும் பொருள் உண்டு, அது அடுக்குத்தொடர். எதற்காக என்றால், முதலாவது ஓசையையே கொண்டுவந்து காதில் வைக்கிறது, இரண்டாவது அவசரத்தையோ ஆசையையோ காட்டுகிறது. 'மெல்ல மெல்ல' என்று சொல்லிப் பாருங்கள், சொல்வதற்கே நேரமாகிறது, அந்த நேரம்தான் பொருள். க்ரியோலில் மெல்ல மெல்ல என்பதற்கு நாம் 'துஸ்மான் துஸ்மான்' என்பதும் அதே காரியத்தைத்தானே செய்கிறது!

கேள்வி: 2020-ல் எங்கள் ஊர்ப் பக்கம் நடந்த கப்பல் எண்ணெய்க் கசிவு பற்றிக் கட்டுரை எழுதினேன். 'சொல்லொணாத் துயரம்', 'பேரதிர்ச்சி', 'மாபெரும் அவலம்' என்றெல்லாம் போட்டும் ஆசிரியர் உணர்ச்சியே இல்லை என்கிறார். என்ன தவறு?
– மாணவி, மகேபூர்

பதில்: மகளே, ஆசிரியர் சொல்வது சரிதான், ஆனால் உன்னிடம் உணர்ச்சி இல்லை என்று நினைத்துக்கொள்ளாதே. நீ உன் துயரத்துக்குப் பெயர் வைத்துவிட்டாய், படிக்கிறவருக்குப் பார்க்க எதுவும் கொடுக்கவில்லை. 'சொல்லொணா' என்று எழுதும்போதே சொல்லும் பொறுப்பிலிருந்து கையைக் கழுவிவிடுகிறோம் இல்லையா?

ஜூலை 25-ல் வகாஷியோ கப்பல் புவாந்த் தெஸ்னிக்கு எதிரே பவளப்பாறையில் ஏறி நின்றது, ஆகஸ்ட் 6-ல் எண்ணெய் கசியத் தொடங்கியது. நடுவில் இருந்த 12 நாட்களையும் கரையிலிருந்து அந்தக் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்த கண்களையும் எழுதினாலே வயிறு கலங்கும். கசிந்த எண்ணெய் சுமார் 1,000 டன் என்று எழுது, தவறில்லை, ஆனால் டன் கணக்கு யார் மனதிலும் தங்காது. தங்குவது வேறு. வெட்டிய தோட்டத்துக் கரும்புச் சோகையை அள்ளிவந்து, துணியில் திணித்து, தைத்து, காலிப் பிளாஸ்டிக் பாட்டில்களைக் கட்டி மிதக்கவிட்டு எண்ணெயைத் தடுத்தார்களே நம் சனங்கள்! அதோடு, எண்ணெயை உறிஞ்சட்டும் என்று தலைமுடியை வெட்டிக் கொடுத்தவர்களும் இருந்தார்கள். இதை எழுதினால் 'அவலம்' என்ற சொல்லே தேவைப்படாது. வினைச்சொற்களைக் கவனி: அள்ளு, திணி, தை, கட்டு. படிக்கிறவர் கையும் கூடவே அசையும். உன் கட்டுரையில் ஒரே ஒரு பெரிய சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் எடுத்துவிட்டு மறுபடி எழுது, ஆசிரியரிடம் கொடு.

கேள்வி: 'பட்டது' என்று முடியும் செயப்பாட்டு வினையைத் தவிர்க்க வேண்டும் என்கிறார்களே, ஏன்?
– வாசகர், போர்ட் லூயி

பதில்: செய்தவரை மறைக்க அது வசதியானது என்பதால். 'நிலம் எடுக்கப்பட்டது' என்று படித்தால் யார் எடுத்தார் என்று கேட்கவே தோன்றாமல் அடுத்த வரிக்குப் போய்விடுவோம். ஆனால் முழுக்க ஒதுக்க வேண்டாம். உங்கள் ஊரிலேயே இருக்கிறது ஆப்ரவாசி காட், ஒப்பந்தக் கூலிகள் கப்பலிலிருந்து வந்து இறங்கிய துறை. 1834-ல் பிரிட்டிஷ் அரசு, அடிமைகளுக்குப் பதிலாக ஒப்பந்தக் கூலிகளை வைத்துக் கரும்பு விளைவிக்கும் திட்டத்துக்கு நம் தீவைத் தேர்ந்தெடுத்து, அதற்கு 'மாபெரும் பரிசோதனை' என்று பெயர் வைத்தது. பெயரைக் கவனித்தீர்களா? 'பரிசோதனை' என்றதும் ஆய்வுக்கூடமும் அறிவும் நினைவுக்கு வருகின்றன, வெயிலில் முதுகு வளைந்த மனிதன் வருவதில்லை. ஒரு சொல்லைத் தேர்ந்தெடுப்பதே பெரிய உத்தி, அணி இலக்கணத்தில் தேடினால் கிடைக்காத உத்தி.

1834 முதல் 1920 வரை இந்தியாவிலிருந்து ஏறக்குறைய 5 லட்சம் பேர் அங்கே வந்து இறங்கினார்கள். 'கொண்டுவரப்பட்டார்கள்' என்று எழுதினால், பிறர் முடிவுக்கு ஆளான நிலை தெரிகிறது, அது உண்மை. 'கரையிலிருந்த 16 படிகளை ஏறினார்கள்' என்று எழுதினால் அவர்கள் கால் தெரிகிறது, அதுவும் உண்மை. எந்த உண்மையை அந்த இடத்தில் காட்ட வேண்டும் என்பதைப் பார்த்து வினையைத் தேர்ந்தெடுங்கள். நான் எழுதினால் இரண்டையும் அடுத்தடுத்து வைப்பேன்.

கேள்வி: கோயில் விழா மேடையில் பேச வேண்டும். வாக்கியம் நீளமாக இருக்கலாமா?
– வாசகி, வக்வா

பதில்: இருக்கலாம், உங்கள் மூச்சு தாங்கும் வரை. எழுதியதைச் சமையலறையில் நின்று சத்தமாகப் படியுங்கள். நீளமான இரண்டு மூன்று வாக்கியங்களுக்குப் பிறகு நான்கே சொல்லில் ஒன்று வந்தால் கூட்டம் நிமிரும், அதனால் முக்கியமானதை அந்தக் குட்டி வாக்கியத்துக்கு வைத்திருங்கள். கேள்வி கேட்டுத் தொடங்குவதானால் கேட்டவுடன் ஒரு நொடி நிறுத்துங்கள், அவர்கள் மனதுக்குள் பதில் சொல்ல நேரம் வேண்டும். அப்புறம், ஏழு கறிச் சாப்பாட்டுக்கு முந்திய பேச்சு என்றால் பத்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்.